சாயம் போகும் என்று சொல்லி விற்ற துணி

அம்பத்தூர் சி.டி.எச். சாலையில் மாலை வேளைகளில் நடைபாதையோரம் தார்ப்பாய் விரித்துச் சட்டைகளைக் குவித்து விற்பவர்களைக் காணலாம். "எக்ஸ்போர்ட் சட்டை, எக்ஸ்போர்ட் சட்டை" என்ற கூவல் பேருந்து இரைச்சலையும் மீறிக் காதில் விழும். சில மாதங்களுக்கு முன் அத்தகைய குவியல் ஒன்றிலிருந்து பேரனுக்கென்று கட்டம் போட்ட சட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். துணி நயமாக இருந்தது. தையல் சீராக இருந்தது. ஆனால் கழுத்துப் பட்டையின் உட்புறம், கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய லேபிள் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன்.

"அது அப்படித்தான் பாய். சட்டையில எங்கேயாவது ஒரு குறை இருக்கும். பேரோட வெளியே விட்டா கம்பெனி மானம் போயிடும். அதனால பேரை வெட்டிட்டுத்தான் குடுப்பாங்க" என்றான் விற்ற இளைஞன்.

"குறை எங்கே இருக்கிறது தம்பி?"

"அது எனக்கும் தெரியாது பாய். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்குங்க."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டதை எனக்குச் சொன்னான். சொல்லப்படாதது என்னவென்று அவனுக்கும் தெரியாது. சட்டையை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஆனால் அந்த வெட்டுப்பட்ட லேபிள் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. துணியில் குறை நேர்ந்தால், குறையை மறைக்கப் பெயரை வெட்டி எறிவது ஒரு வழி. அந்தப் பெயருக்குக் கீழேயே குறையை எழுதி வைப்பது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியில் நடந்து உலகப் புகழ் பெற்ற துணி ஒன்று உண்டு. அது நமது நகரத்தின் பழம் பெயரைத் தாங்கிய துணி. அதன் வரலாறு வணிகக் குடும்பங்கள் பல வாழும் நமது சமுதாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

வெளுக்காத சாயத்தின் கரை

வரலாற்றில் ஒரு விந்தையை முதலில் கூறிவிட வேண்டும். சாயம் போகும் துணியால் இருபதாம் நூற்றாண்டில் பெயர் பெற்ற இதே சோழமண்டலக் கரை, பதினேழாம் நூற்றாண்டில் சாயம் போகாத துணியால்தான் உலகை வென்றது.

நமது கடற்கரை மணலில் விளைந்த சாயவேர் சிவப்பு நிறம் தந்தது. அவுரி நீலம் தந்தது. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் துணியை ஊறவைத்து, படிகாரத்தால் சாயத்தை நூலோடு பிணைத்து, மீண்டும் மீண்டும் அலசி வெயிலில் உலர்த்தும் முறையை நம் சாயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருந்தனர். ஐரோப்பியர் இதைக் கண்டு வியந்தனர். அவர்கள் நாட்டில் துணிமேல் தீட்டிய வண்ணம் தண்ணீர் பட்டால் கலைந்தது. இங்கிருந்து சென்ற துணியோ எத்தனை முறை துவைத்தாலும் நிறம் குன்றாமல் நின்றது. அந்தத் துணியின் மீது எழுந்த மோகத்திற்கு அஞ்சி, தம் நாட்டு நெசவாளரைக் காக்க வேண்டிப் பிரான்ஸ் 1686ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் தடைச் சட்டங்கள் இயற்றின என்றால், அதன் பெருமையை நாம் உணரலாம்.

1639ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்ததும் துணிக்காகத்தான். 1640களின் பிற்பகுதியில் கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா இப்பகுதியைக் கைப்பற்றிய பின்னர், பூந்தமல்லியில் அமர்ந்திருந்த கோல்கொண்டா அதிகாரியின் தயவு கோட்டை வெள்ளையருக்கு வேண்டியிருந்தது. கோட்டையைச் சுற்றி நெசவாளரையும் வண்ணாரையும் சாயக்காரரையும் குடியேற்றினர். வண்ணாரப்பேட்டை என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. 1734ஆம் ஆண்டில் நெசவாளருக்கென்றே சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது.

அந்த நாளில் குறையுள்ள துணியை எவ்வாறு கையாண்டனர்? கோட்டைக்கு வந்த துணிகளை ஒப்புக்கொண்ட மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தனர். நீளம் குறைந்தது, நூல் தடித்தது, நிறம் மங்கியது எல்லாம் தள்ளப்பட்டன. தள்ளப்பட்டவற்றின் நட்டம் வணிகர் தலையிலும், வணிகர் வழியாக நெசவாளன் தலையிலும் விழுந்தது. முன்பணம் வாங்கியவன் கடனாளி ஆனான். குறையின் சுமை வரிசையில் கடைசியாக நிற்கும் ஏழையின் தோளில் போய் இறங்குவது அன்று தொட்டே வழக்கமாகிவிட்டது.

கைலியும் கைக்குட்டையும்

பூவேலைத் துணிகளுக்கு அப்பால், கட்டம் போட்ட கைத்தறித் துணிகளுக்கும் இக்கரை பேர்பெற்றது. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் அங்கே பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கட்டத் துணியை நம் மரக்காயர்களும் பிற தமிழ் முஸ்லிம் வணிகர்களும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சுமத்திராவுக்கும் கப்பலேற்றினர். மலாய் மொழியில் இன்றும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட சாரத்திற்குக் 'கைன் பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காடுதான் அங்கே 'பெலிக்காட்' ஆயிற்று. நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கைலியின் வமிசாவளி இதுதான்.

இதன் உடன்பிறப்பே 'மதராஸ் கைக்குட்டை'. பெயர் கைக்குட்டை எனினும், மூக்குத் துடைக்கும் துண்டன்று. ஒரு கஜ அளவில் சதுரமாக நெய்து, பல சதுரங்கள் ஒட்டியவாறே விற்கப்பட்ட வண்ணத் துணி. மேற்கிந்தியத் தீவுகளில் பெண்கள் அதைத் தலையில் கட்டினர். நைஜீரியாவின் கலாபரி மக்கள் அதற்கு 'இஞ்சிரி' என்று பெயரிட்டு, பிறப்பிலும் இறப்பிலும் சடங்குத் துணியாகப் போற்றினர். மதராஸ் கோட்டையில் கவர்னராயிருந்து பெரும் பொருள் சேர்த்துச் சென்ற எலிஹு யேல், 1718ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய நன்கொடையில் நூல்களோடு ஒன்பது சிப்பம் சரக்கும் இருந்தது. அச்சரக்கை விற்றுக் கட்டடம் எழுப்பிய கல்லூரிதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். இவ்வாறு 'மதராஸ்' என்ற ஊர்ப்பெயர், உலகச் சந்தையில் ஒரு துணியின் பெயராயிற்று.

இனி, காலத்தில் இரண்டரை நூற்றாண்டுகள் தாண்டி வருவோம்.

1958: பத்தாயிரம் கஜம்

கண்ணூரில் பிறந்து, இராணுவத்தில் கேப்டனாகப் பணியாற்றி, பின்னர் கைத்தறி ஏற்றுமதியில் இறங்கியவர் சி. பி. கிருஷ்ணன் நாயர். மனைவி லீலாவின் பெயரால் ஏற்றுமதி நிறுவனமும், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களும் தொடங்கியவர் அவரே. 2010ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்று, 2014ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தம் வாழ்நாளில் பலமுறை எடுத்துரைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் பம்பாய் வந்து நாயரைச் சந்தித்தார். தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் மணக்கும் மதராஸ் கட்டத் துணி அவர் மனத்தைக் கவர்ந்தது. கஜம் ஒரு டாலர் விலைக்கு உடன்பாடு ஏற்பட்டது. நாயர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: இத்துணியைக் குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டும். ஜேக்கப்சன் கேட்டுக்கொண்டார். நியூயார்க் திரும்பி, 1818ஆம் ஆண்டு முதல் அமெரிக்கச் சீமான்களுக்கு ஆடை தைத்து வந்த ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் பத்தாயிரம் கஜம் விற்றார். ஆனால் குளிர்ந்த நீர் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சட்டைகளாகவும் மேலங்கிகளாகவும் தைக்கப்பட்ட துணி, துவைக்கும் முறை பற்றிய குறிப்பு எதுவும் இல்லாமல் விற்பனையானது. வாங்கியவர்கள் தங்கள் வழக்கப்படித் துவைத்தனர். சிவப்பு மஞ்சளில் இறங்கியது. நீலம் வெள்ளையில் பாய்ந்தது. கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கின. வாடிக்கையாளர் கொதித்தெழுந்தனர். தொன்மையான நிறுவனத்தின் பெயர் சந்தி சிரித்தது. வழக்கு மன்றம் வரை போகும் அச்சுறுத்தலும் எழுந்தது.

நம் மொழியில் 'சாயம் வெளுத்தது' என்றால் பொய் அம்பலமானது என்று பொருள். அந்த ஆண்டு அமெரிக்காவில் இச்சொல் இரு பொருளிலும் மெய்யாயிற்று.

அப்போது ஒரு வழி பிறந்தது. ஆங்கிலத்தில் சாயம் கசிவதை இரத்தம் கசிவதற்குரிய அதே சொல்லால் 'ப்ளீட்' என்பார்கள். பழிச்சொல்லாக எழுந்த 'ப்ளீடிங் மதராஸ்' என்பதையே பட்டப்பெயராக ஏற்றுக்கொண்டனர். 'செவன்ட்டீன்' என்ற இளம்பெண்கள் பத்திரிகையின் ஆசிரியரைக் கொண்டு, துவைக்கத் துவைக்க நிறம் மாறி ஒவ்வொரு சலவைக்கும் புதுத் தோற்றம் தரும் அதிசயக் கைத்தறி என்று பல பக்கங்களில் எழுதச் செய்ததாக நாயர் கூறினார். விளம்பரத் துறையின் பேரறிஞர் டேவிட் ஓகில்வியே, 'சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம்' என்ற கருத்தமைந்த வாசகத்தை வகுத்தார் என்று கூறுவாரும் உளர். வழி காட்டியவர் எவராயினும், விளைவில் ஐயமில்லை. 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சாயம் போன மதராஸ் சட்டையைத் தேடித் தேடி வாங்கினர். விற்பனைக் குறிப்பேடுகளில், இத்துணியின் வண்ணங்கள் கசிந்து ஒன்றோடொன்று கலக்கும் என்பது உத்தரவாதமாகவே அச்சிடப்பட்டது. மறைக்க வேண்டிய குறை எனக் கருதப்பட்டது, அசல் சரக்கின் அடையாளமாயிற்று.

குறை துணியிலா, சொல்லிலா?

இக்கதையை வணிகத் தந்திரமாக எடுத்துக் கூறிப் பாராட்டுவோர் பலர். அதோடு நிறுத்திக்கொண்டால் அதன் உட்பொருளை இழந்துவிடுவோம். அத்துணியில் உண்மையில் என்ன குறை இருந்தது?

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும். சவர்க்காரத்தின் காரமும் அதையே செய்யும். படிகாரத்தால் பிணைக்கப்படாத சாயம் நூலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்குமேயன்றி நூலுக்குள் இறங்காது. வெந்நீரும் கடுஞ்சோப்பும் அதை எளிதில் அவிழ்த்துவிடும். மேலும், 1869ஆம் ஆண்டில் சாயவேரின் சிவப்பு நிறத்தையும், 1897ஆம் ஆண்டில் அவுரியின் நீலத்தையும் ஜெர்மானியர் இரசாயன முறையில் செய்து விற்கத் தொடங்கிய பின், நம் சாயவேரும் அவுரியும் சந்தை இழந்தன. பழைய சாயக்காரரின் பொறுமையான பல நாள் முறைகளும் நலிந்தன.

ஆனால் அதே துணியை நம் இல்லங்களில் எவ்வாறு பயன்படுத்தினோம்? புதுக் கைலி வாங்கினால் என் தாயார் முதல் நாளே அதை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பார். மறுநாள் வெள்ளைத் துணிகளோடு சேர்க்காமல் தனியே அலசி, நிழலில் உலர்த்துவார். இரண்டு மூன்று சலவைகளுக்குப் பின்னரே அது மற்றத் துணிகளோடு சேரும். இதை அவருக்கு எந்த லேபிளும் சொல்லவில்லை. அவர் தாயார் சொன்னார். நம் வீடுகளில் அத்துணியைப் பற்றி எவரும் முறையிட்டதில்லை. சாயம் போகும் என்பது அறிந்த விஷயம். அறிந்த விஷயம் குறையாவதில்லை.

அமெரிக்க இல்லத்தரசி அதை வெந்நீர் இயந்திரத்தில் மற்றத் துணிகளோடு போட்டாள். அவளைக் குறை கூற முடியுமா? தாய் மகளுக்குச் சொன்ன சொல் கடல் கடக்கவில்லை. துணி கடந்தது, சொல் கரையிலேயே நின்றுவிட்டது. நடந்த தவற்றின் வேர் அங்கே இருந்தது. நெய்தவனுக்குத் தெரியும், அனுப்பியவருக்குத் தெரியும், இடையில் நின்றவர் வாய் திறக்கவில்லை, வாங்கியவர் ஏமாந்தார்.

கூஃபா நகரத்து ஜவுளிக் கடை

இந்த இடத்தில் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முந்திய மற்றொரு ஜவுளிக் கடை நினைவுக்கு வருகிறது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் மார்க்கச் சட்ட மேதை என்பதை நாம் அறிவோம். ஹிஜ்ரி 80 முதல் 150 வரை வாழ்ந்த அப்பெரியார், கூஃபா நகரில் பட்டுத் துணி வணிகராகவும் விளங்கினார்கள். அவர்களுக்கு ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்ற கூட்டாளி இருந்தார். ஒருமுறை சரக்கு அனுப்பியபோது, அதில் ஒரு துணியில் குறையுண்டு என்றும், விற்கும்போது அதை வாங்குபவருக்குக் காட்டிவிட வேண்டும் என்றும் இமாம் அவர்கள் சொல்லியனுப்பினார்கள். ஹஃப்ஸ் சரக்கை விற்றார். குறையைச் சொல்ல மறந்தார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாம் அவர்கள், அச்சரக்கு விற்ற பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கூஃபாவிலும் எச்சரிக்கை சொல்லப்பட்டது, பம்பாயிலும் சொல்லப்பட்டது. இரண்டு இடத்திலும் இடையில் நின்றவரிடத்தில் அச்சொல் தங்கிவிட்டது. 'நான் சொல்லிவிட்டேன், என் பொறுப்புத் தீர்ந்தது' என்று இமாம் அவர்கள் கூறியிருக்கலாம். கூறவில்லை. வாங்குபவர் காதுக்கு எட்டாத சொல், சொல்லப்படாத சொல்லே என்று கருதினார்கள்.

இதற்கு அடிப்படை எங்கே இருக்கிறது? மதீனா நகரத்துக் கடைவீதியில் பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் தட்டிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அவ்வணிகர் குற்றமன்று. தானியம் நனைந்ததும் குற்றமன்று. நனைந்ததைக் கீழே வைத்ததே குற்றம். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் சரக்கைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்று நம் சட்ட அறிஞர்கள் வகுத்து, அதற்குக் 'கியாறுல் ஐப்' என்று பெயரும் இட்டனர்.

1958க்குப் பின் மதராஸ் துணிக்கு நேர்ந்ததும் இதுதான். நனைந்ததை எடுத்து மேலே வைத்தார்கள். சாயம் போகும் என்பதை அறிந்தே வாங்கியவனுக்கு ஏமாற்றம் இல்லை. அவன் பணம் கொடுத்தது அந்தச் சாயக் கசிவுக்கும் சேர்த்துத்தான்.

தீராத பாக்கி

எனினும் நேர்மையோடு கணக்குப் பார்த்தால் இரண்டு பாக்கிகள் நிற்கின்றன.

குறை நேர்ந்த வணிகனுக்குக் கடமை இரண்டு. நாளை வாங்கப் போகிறவனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நேற்று வாங்கி ஏமாந்தவனுக்கு அவன் இழந்ததை ஈடுசெய்ய வேண்டும். முதற்கடமையை நிறைவேற்றிய விளம்பரத்தை உலகம் கொண்டாடுகிறது. இரண்டாவதைப் பற்றி இக்கதையைச் சொல்வோர் பேசுவதே இல்லை. 'அதிசயத் துணி' என்ற அழகான வாசகம், ஏற்கெனவே பாழான ஒரு சட்டைக்கு விலையாகாது. குறைக்குப் புதுப்பெயர் சூட்டுவதற்கு முன், குறையால் நட்டமுற்றவரைத் தேடிச் செல்ல வேண்டும். ஆளைக் காண முடியாதபோதும் பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ள மனம் ஒப்பாத கூஃபா வணிகரே இவ்வகையில் நமக்கு அளவுகோல்.

மற்றொரு பாக்கி தறியில் அமர்ந்தவனுக்குரியது. கோட்டை நாளில் குறையின் நட்டம் நெசவாளனைச் சேர்ந்தது. 1960களில் குறையே சிறப்பாகியபோது அச்சிறப்பு யாரைச் சேர்ந்தது? கடையின் பெயர் துலங்கிற்று, இறக்குமதியாளர் பிழைத்தார், விளம்பரம் எழுதியோர் புகழ் பெற்றனர். குறிப்பேட்டில் நெசவாளன் 'உள்ளூர் நெசவாளி' என்று பெயரற்று நின்றான். பின்னர் நாகரிகம் மாறியது. விசைத்தறியில் ஓடும், சாயம் போகாத கட்டத் துணிக்கும் 'மதராஸ்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 1996ஆம் ஆண்டில் ஊரே சென்னை என்று பெயர் மாறிவிட்டது. துணிக் கடைகளில் மட்டும் மதராஸ் இன்னும் ஒரு கட்டத்தின் பெயராக வாழ்கிறது.

இதிலிருந்து உலகம் கற்றதும் உண்டு. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, ஆடைகளைத் துவைத்துப் பேணும் முறையை லேபிளில் நிலையாகப் பொறிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அது மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தாய் மகளுக்குச் சொன்ன சொல்லைத் துணியே சுமந்து செல்லும் ஏற்பாடு அது. நம் நாட்டிலும் 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் சட்டமும், குறையுள்ள சரக்கை வாங்கியவருக்கு மாற்றுப் பொருளோ பணமோ கேட்கும் உரிமையை வழங்கின.

மீண்டும் அம்பத்தூர்

இந்த வரலாறு நம் வீட்டு வாசலிலேயே தொடர்கிறது. ஆவடியில் 1961ஆம் ஆண்டில் தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலை, 2021ஆம் ஆண்டின் சீரமைப்புக்குப் பின் 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்' என்ற அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. படைவீரன் உடையில் ஒரு தையல் விட்டால் அதன் விலை வெறும் பணமன்று. 1964ஆம் ஆண்டில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் ஏற்றுமதி ஆடை தைக்கும் கூடங்கள் உள்ளன. விளக்கொளி வீசும் மேசைகளில் பெண்கள் நின்றவாறு ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் சிறிய அம்புக்குறிச் சீட்டை ஒட்டுகிறார்கள். துணிச் சோதனைக் கூடங்களில், சாயத் துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் துவைத்து, எவ்வளவு சாயம் ஏறியது என்று பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஐந்து பெற்றது சாயம் சிறிதும் போகாத துணி.

ஆக, குறையைக் கண்டுபிடிக்கும் கலையில் நாம் தேர்ந்துவிட்டோம். அம்புக்குறி ஒட்டும் அந்தச் சகோதரிக்குக் குறை எங்கே என்று துல்லியமாகத் தெரியும். சட்டை நடைபாதைக்கு வரும்போது அவள் ஒட்டிய சீட்டு உரிக்கப்பட்டுவிடுகிறது. நிறுவனத்தின் பெயரும் வெட்டப்பட்டுவிடுகிறது. குறை மட்டும் சட்டையோடு வருகிறது. சீட்டை உரிக்காமலே விட்டு, 'இச்சட்டையில் இன்ன இடத்தில் இன்ன குறை. ஆகவே இன்ன விலை' என்று விற்றால் நட்டம் என்ன? வாங்குபவன் ஏழைதான். ஆனால் அவனும் தெரிந்து வாங்கும் உரிமையுடையவனே.

நம்மில் பலர் ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். பலர் கைலியும் ஆயத்த ஆடையும் ஏற்றுமதி செய்கிறோம். நம் பிள்ளைகள் பலர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் நம் சரக்கிலும் குறை நேரும். மழை பெய்யாத ஊர் இல்லை. அன்று நம் கை கத்தரிக்கோலைத் தேடுமா, எழுதுகோலைத் தேடுமா என்பதுதான் கேள்வி.

அன்று வாங்கி வந்த சட்டையை வீட்டில் விரித்து என் மனைவி வெகு நேரம் தேடினாள். இடக்கைப் பட்டையின் உட்புறம் தையல் இரண்டு அங்குல நீளம் விட்டிருந்தது. ஊசி நூல் எடுத்துப் பத்து நிமிடத்தில் தைத்துவிட்டாள். "இவ்வளவுதானா? இதைச் சொல்லியே விற்றிருக்கலாமே" என்றாள்.

பேரன் அச்சட்டையை இன்றும் அணிகிறான். முதற்சலவையில் தனியே அலசினோம். சாயம் போகவில்லை.